தியாகராசரும் மாணாக்கரும்

பாட்டொன்றைப் பாடி இணையத்தில் ஏற்றிய இளைஞன் ஒருவன், நொடிக்கொருதரம் கைப்பேசியை எடுத்துப் பார்க்கின்றான். பின்தொடர்வோர் தொகை ஏறினால் அவன் முகம் மலர்கின்றது. இறங்கினால் அடுத்த பாட்டே எழ மறுக்கின்றது. கேட்டவர் எவர், எவ்வளவு ஊன்றிக் கேட்டார் என்பவற்றை அவ்வெண் அவனுக்குச் சொல்வதில்லை.

காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் வாழ்ந்த தியாகராச சுவாமிகள் (1767–1847) உஞ்சவிருத்தி மேற்கொண்டவர். தெருக்களிற் பாடிச் செல்வார். இல்லத்தார் இடும் அரிசியே அவர்க்கு உணவாயிற்று. தஞ்சை மன்னர் சரபோசி அழைத்தும் அவர் அவைக்குச் செல்லவில்லை என்பர். புகழ் தேடுவார்க்கு அந்நாளில் அரசவையினும் உயர்ந்த மேடை ஏது?

ஆயினும், கேட்பாரே வேண்டா என்று அவர் ஒதுங்கியவரல்லர். மாணாக்கரை அருகிருத்திப் பாடம் சொன்னார். ஒலிப்பதிவு இல்லாத காலம் அது. மாணாக்கர் செவி தவறினால் பாட்டே அழிந்துபோகும். ஆகவே, ஒவ்வோர் அடியையும் பன்முறை பாடி உளங்கொண்டனர். வாலாசாபேட்டை வேங்கடரமண பாகவதர் பாடல்களைச் சுவடிகளில் எழுதியும் வைத்தார். உமையாள்புரம், தில்லைத்தானம் ஆகிய ஊர்களைச் சார்ந்த மாணாக்கர் வழியினரும் தத்தம் பாடமுறையைக் காத்தனர். இங்ஙனம் நமக்குக் கிடைத்துள்ளவை ஏறத்தாழ 700 பாடல்கள். பெரும்பாலானவை தெலுங்கில் அமைந்தவை. மறைந்தவை எத்தனையோ!

திருவையாற்றுத் தெருக்களில் நின்று கேட்டவர் தொகையை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. வேங்கடரமண பாகவதர் வழிவந்த சுவடிகளோ மதுரைச் சௌராட்டிர சபையைச் சேர்ந்து, அங்கே போற்றப்பட்டன.