ஹட்டனில் வாடகை வீடு: சாவி வாங்குமுன்

ஹட்டன், நுவரெலியா பக்கம் வீடு பார்க்க வெயில் நாளில் போகாதீர்கள். நல்ல மழைக்கு மறுநாள் போங்கள். சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியைச் சற்று நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் பூஞ்சணம் அதற்குப் பின்னால்தான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு இருந்தால் வெடிப்போ, புதிதாகக் கசியும் நீரோ, சாய்ந்த மரமோ உண்டா என்று கவனியுங்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த, மீரியபெத்தயில் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் மண்சரிவில் புதைந்ததை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. கிராம உத்தியோகத்தரிடமும் அந்த இடத்தைப் பற்றி விசாரித்துவிடுங்கள்.

ஊற்றுத் தண்ணீர் என்றால் மாசியிலும் வருமா? வீட்டுக்காரரிடமல்ல, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

அடுத்தது எழுத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். முத்திரை ஒட்டிய வெறும் தாளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும் என்பதும் நொத்தாரிசு எழுதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

லயன் அறையை யாராவது வாடகைக்குத் தருவதாகச் சொன்னால் நிதானியுங்கள். அங்கே குடியிருப்பவர் கையில் பெரும்பாலும் காணி உறுதி இருக்காது. தோட்ட நிர்வாகம் வந்து கேட்டால் முற்பணமும் போய், மூட்டை முடிச்சோடு நிற்பது நீங்கள்தான்.

குடிபுகும் அன்றே மின்மானி இலக்கத்தைப் போனில் படம் எடுங்கள். நுவரெலியா நகரில் ஒப்பந்தம் மார்ச்சில் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் சீசனில் வீடுகள் நாள் வாடகைக்குப் போகும். அந்த நேரத்தில் உங்கள் பேரம் எடுபடாது.