மகப்பேற்றுச் செவிலியரின் கவனிப்பில் பிரசவம்: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கருவுற்ற பெண்ணைவிட, உடன் வந்திருக்கும் தாயோ மாமியாரோதான் பெரும்பாலும் அதைக் கேட்பார்: “நர்ஸம்மா பார்த்தாப் போதுமா? பெரிய டாக்டர் வரமாட்டாங்களா?” அக்கேள்வியில் ஐயமும் உண்டு, அக்கறையும் உண்டு. ஆற அமர விடை சொல்ல அங்கே நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

மகப்பேற்றுச் செவிலியர் என்று நாங்கள் குறிப்பிடுவது மிட்வைஃப் எனப்படும், முறையான பயிற்சியும் பதிவும் பெற்ற செவிலியரை. முன்பு ஊர்களில் வீடு தேடி வந்து பிரசவம் பார்த்த மருத்துவச்சியை அன்று. அந்த மூதாட்டிகளின் கைப்பழக்கத்தை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் பேற்றுக்குப் பின் குருதி நில்லாமல் பெருகினாலோ வலிப்பு கண்டாலோ அவர்களிடம் மருந்தில்லை. அக்கால இழப்புகளைக் கண்ணால் கண்ட குடும்பங்கள் ‘டாக்டர் எங்கே’ என்று கேட்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. இன்றைய மகப்பேற்றுச் செவிலியர் குருதிப்போக்கைத் தடுக்கும் ஊசியைத் தாமே போடுவார். குழந்தை மூச்சுவிடத் தாமதித்தால் முதலுதவி செய்வார். இயல்பு எங்கே முடிகிறது என்பதை அறிந்து உடனே மருத்துவரை அழைப்பார். இந்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இப்பணிக்கெனவே 18 மாதச் சிறப்புப் பயிற்சி பெறும் செவிலியர் பிரிவு ஒன்றை உருவாக்க வழிசெய்தன. அவர்களும் மருத்துவமனைகளுக்குள் மருத்துவர்களுடன் இணைந்தே பணிபுரிகின்றனர். எனவே மருத்துவர் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வியே அன்று. வலி தொடங்கியது முதல் குழந்தை பிறக்கும் வரை உங்கள் அருகில் இருப்பவர் யார் என்பதே கேள்வி.

இதைப் பற்றி ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்? 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நிகழும் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேலானவை மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. இது பெருமைக்குரியது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உள்ளது. நூறு பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 64. தேவையான இடத்தில் அறுவைச் சிகிச்சை தாயையும் சேயையும் காக்கிறது. அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் நூற்றுக்கு 45 பேருக்கு அது தேவைப்படுவதில்லை. காரணம் முழுவதும் மருத்துவர்களிடம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாளும் நட்சத்திரமும் குறித்துக்கொண்டு வந்து, அந்த முகூர்த்தத்தில் குழந்தையை எடுத்துத் தருமாறு கேட்கும் குடும்பங்களை நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். வலி தாங்காத மகளைப் பார்க்கப் பொறாமல், “எப்படியாவது ஆபரேஷன் செய்துவிடுங்கள்” என்று இறைஞ்சும் தந்தையரும் உண்டு.

அந்த இறைஞ்சலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தனிமை. உடல்நலமுள்ள பெண்ணின் அருகில், அவள் முன்பே அறிந்த செவிலியர் ஒருவர் தொடர்ந்து இருந்தால் நிலைமை மாறுகிறது. இதை 15 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான மதிப்பாய்வு காட்டியது. அவற்றில் பங்கேற்ற பெண்கள் 17,000க்கும் மேற்பட்டோர். கருவுற்றது முதல் ஒரே செவிலியரோ, சிறு செவிலியர் குழுவோ கவனித்த பெண்களிடையே ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவங்களும், பிறப்பு வாயைக் கத்தரித்துத் தையலிடுவதும் குறைவாக இருந்தன. தாய்க்கோ சேய்க்கோ கூடுதல் கேடு காணப்படவில்லை.

‘தொடர்ந்து’ என்னும் சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். நம் வழக்கப்படி ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். ஆறு மாதமாகப் பார்த்துவந்த செவிலியர் ஓர் ஊரில் இருக்க, பிரசவம் வேறோர் ஊரில் முன்பின் அறியாதவர்களிடம் நிகழ்கிறது. வழக்கத்தை மாற்றுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தாயின் அருகாமை தரும் தெம்பை எந்த மருத்துவமனையும் தர இயலாது. ஆனால் பிரசவம் எங்கே என்பதை ஐந்தாம் மாதத்துக்குள் இரு வீட்டாரும் பேசி முடிவு செய்யுங்கள். தாய்வீட்டு ஊரில்தான் என்றால், வளைகாப்புக்குக் காத்திராமல் ஒருமுறை அங்குள்ள மகப்பேற்றுப் பிரிவுக்குச் சென்று செவிலியரைச் சந்தித்துவிடுங்கள். ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், தாய்சேய் நல அட்டை அனைத்தையும் ஒரே உறையில் வைத்திருங்கள். நள்ளிரவில் வலியுடன் வரும் பெண்ணின் இரத்த வகையைக்கூட உடன் வந்தவர் அறியாத நிலையை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

எல்லோருக்கும் இக்கவனிப்பு போதுமானதன்று. முன்பு அறுவைச் சிகிச்சையால் குழந்தை பெற்றவர்கள், இரட்டைக் கரு உள்ளவர்கள், உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள், இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு உள்ளவர்கள், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், குழந்தை தலைகீழாகத் திரும்பாதவர்கள், கடும் இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் மகப்பேறு மருத்துவரின் நேரடிப் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர்களுக்கும் செவிலியரின் துணை உண்டு. முடிவுகளை மருத்துவர் எடுப்பார். மேலும், இத்தேர்வு ஒருமுறை செய்து முடிப்பதன்று. ஐந்தாம் மாதத்தில் எக்குறையும் இல்லாத பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டலாம். அன்றே திட்டம் மாறும்.

வலி தொடங்கிய பின்னரும் அவ்வாறு மாறலாம். இதைக் குடும்பத்தார் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. இங்கிலாந்தில் சிக்கலற்ற கர்ப்பம் உடைய ஏறத்தாழ 64,000 பெண்களின் பிரசவங்களை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. செவிலியர் பிரிவுகளில் பிரசவத்தைத் திட்டமிட்டவர்களில், தலைப்பிரசவப் பெண்கள் நூற்றுக்கு 36 முதல் 40 பேர் மருத்துவர் பிரிவுக்கு மாற்றப்பட்டனர். முன்பே பிள்ளை பெற்றவர்களில் 9 முதல் 13 பேர். பிரசவம் மெதுவாக முன்னேறுவது, பனிக்குட நீரில் குழந்தையின் மலம் கலந்திருப்பது, முதுகில் போடும் வலிமறப்பு ஊசியைப் பெண்ணே கேட்பது போன்றவை காரணங்கள். மாற்றப்பட்டதால் எவரும் தோற்றவர் ஆகார். “நார்மல் ஆகும் என்றுதானே சொன்னீர்கள்” என்று செவிலியரிடம் சினந்து பேசும் உறவினர், அந்நேரத்தில் தளர்வது அப்பெண்ணின் மனமே என்பதை உணர்வதில்லை.

அதே ஆய்வு, தலைப்பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டோரின் குழந்தைகளுக்குக் கேடு நேர்வது கூடுதலாக இருந்ததையும் பதிவு செய்தது. மருத்துவர் பிரிவில் ஆயிரத்துக்கு 5.3 ஆக இருந்தது, வீட்டில் 9.3 ஆனது. பயிற்சி பெற்ற செவிலியர் உடனிருக்கும் நாட்டிலேயே இந்நிலை. காணொளிகளைப் பார்த்துக்கொண்டு, துணைக்கு எவருமின்றி வீட்டில் பிள்ளை பெற முனைவதை நாங்கள் ஒருபோதும் ஏற்க இயலாது.

இனி, பிரசவ அறையில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்கிறோம். சூட்டு வலியா, மெய்யான வலியா என்றறியச் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது நம் வீடுகளின் வழக்கம், அதில் தீங்கில்லை. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, குருதி கண்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியுடன் பார்வை மங்கினாலோ கஷாயத்துக்குக் காத்திராமல் புறப்படுங்கள். வண்டி இல்லையெனில் 108ஐ அழையுங்கள். கருப்பை வாய் 5 செ.மீ. விரிந்த பின்னரே பிரசவம் வேகம் கொள்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரை. அதன் பிறகும் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம். இந்நேரம் முழுவதும் பெண் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், அமரலாம், நீராகாரம் அருந்தலாம். செவிலியர் கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை டாப்ளர் கருவியால் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார். முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. பெண் விரும்பும் ஒருவர் அறையில் துணையிருக்கலாம். அத்துணைவர் அச்சுறுத்தாதவராக இருத்தல் நலம். தம் பிரசவத்தின் துன்பங்களை வரிசையாக எடுத்துரைக்கும் உறவினரை வெளியே அமரச் சொல்ல நாங்கள் தயங்குவதில்லை.

எந்த மருத்துவமனையைத் தேர்ந்தாலும் சிலவற்றைக் கேட்டறியுங்கள். ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிப்பார்? மூவரை நால்வரை ஒருவர் பார்க்கும் இடத்தில், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் நாங்கள் மேலே சொன்ன கவனிப்பு கிடைக்காது. இரவு இரண்டு மணிக்கு மருத்துவர் வளாகத்துக்குள் இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? அறுவை அரங்கும் இரத்தமும் எத்தனை நிமிடத்தில் கிடைக்கும்? தையல் தேவையெனில் முன்கூட்டியே சொல்லி இசைவு பெறுவார்களா? இக்கேள்விகளை எங்களிடமும் கேளுங்கள், மனம் வருந்தமாட்டோம்.

குழந்தை பிறந்ததும் செவிலியரின் பணி முடிவதில்லை. தொப்புள்கொடியைக் குறைந்தது ஒரு நிமிடம் கழித்தே கத்தரிப்பார். குழந்தையைத் தாயின் மார்பில் கிடத்தி, முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் துணைபுரிவார். வீடு திரும்பிய பின், இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒருமுறை, இரண்டாம் வாரத்துக்குள் ஒருமுறை, ஆறாம் வாரத்தில் ஒருமுறை தாயையும் சேயையும் அழைத்து வாருங்கள். பத்தியம், தீட்டு எனக் கூறித் தாயை வீட்டிலேயே நிறுத்திவிட்டுக் குழந்தையை மட்டும் தடுப்பூசிக்குத் தூக்கிவரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தையல் ஆறியதா, பால் கட்டியிருக்கிறதா, காரணமின்றி அழுகை வருகிறதா என்பதையெல்லாம் தாயிடமே கேட்டறிய வேண்டும்.