‘பதினோரு முறை’ என்று வேண்டிக்கொண்டீர்களா?

கோயில் அறிவிப்புப் பலகைகளில் நித்திய பூஜை, வார வழிபாடு, பட்ச உற்சவம், மாத உற்சவம், வருஷ உற்சவம் என்று வரிசையாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடையில் தொங்கும் பத்திரிகைகளின் அட்டையிலும் இதே வரிசைதான். நாளிதழ், வார இதழ், மாதம் இருமுறை, மாத இதழ், காலாண்டிதழ், ஆண்டு மலர்!

‘மாதம் இருமுறை’ என்றால் ஆண்டுக்கு 24 இதழ்கள். ‘இரு மாதங்களுக்கு ஒருமுறை’ என்றால் 6 இதழ்கள்தான். சொல் கொஞ்சம் இடம் மாறினால் கணக்கே மாறிவிடுகிறது. பத்திரிகை என்றால் ஓர் இதழ் தவறும், அவ்வளவுதான். விரதமும் பித்ரு காரியமும் அப்படியல்ல. நாள் தவறிவிட்டது என்று தெரிந்தால் மனம் உறுத்திக்கொண்டே இருக்கும். எனவே, இந்தக் காலச் சொற்களை ஒருமுறை தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

எண் ஒன்று... கணக்கு நான்கு!

மகளுக்கு வரன் அமைய வேண்டும், பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று 11 முறை வழிபடுவதாக வேண்டிக்கொள்கிறோம். எந்த 11 என்பதுதான் கேள்வி.

11 வெள்ளிக்கிழமை என்றால், முதல் வெள்ளியிலிருந்து 70 நாட்களில் நிறைவு பெறும். 11 பிரதோஷம் என்றால், அது பட்சத்துக்கு ஒருமுறை வருவதால் ஏறக்குறைய 5 மாதங்கள் ஆகும். 11 கிருத்திகை என்றால் சுமார் 9 மாதங்கள். 11 சங்கடஹர சதுர்த்தி என்றால் 10 மாதங்களை நெருங்கிவிடும்.

‘மாதக் கிருத்திகை’ என்று சொன்னாலும், அது நட்சத்திரத்தைக் கொண்டு வருவது. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றி வர 27 நாட்களும் சில மணி நேரமும் ஆகும். அதனால் ஓர் ஆண்டில் 12 கிருத்திகைக்குப் பதிலாக 13 அல்லது 14 வரும். சங்கடஹர சதுர்த்தியோ திதியைக் கொண்டு வருவது. ஒரு தேய்பிறைச் சதுர்த்தியிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 29½ நாட்கள்.

பட்சம் என்றால் சரியாக 15 நாளா?

பட்சத்துக்கு 15 திதிகள். ஆனால் திதி வேறு, நாள் வேறு. ஒரு திதி ஏறத்தாழ 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரமும் நீடிக்கலாம். அதனால்தான் ஓர் ஏகாதசியிலிருந்து அடுத்த ஏகாதசி சில சமயம் 14-வது நாளிலும், சில சமயம் 16-வது நாளிலும்கூட வந்துவிடுகிறது. காலண்டரில் 15 நாள் எண்ணிக் குறித்து வைத்தால், விரதம் ஒரு நாள் தள்ளிப் போய்விடும். பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பதே சரி.

கோயில்களின் காலாண்டு, அரையாண்டு

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு இருப்பதுபோல், தெய்வ காரியங்களிலும் உண்டு. அயனம் என்பது அரையாண்டு. தை முதல் ஆனி வரை உத்தராயணம். ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயணம். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் தனிச் சிறப்பு வந்தது இப்படித்தான். வைகாசி, ஆவணி, கார்த்திகை, மாசி மாதப் பிறப்புகளை விஷ்ணுபதி புண்ணிய காலம் என்பார்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருவதால் இது காலாண்டு.

நடராஜப் பெருமானுக்கு ஆண்டில் 6 அபிஷேகங்கள். சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்றும் நட்சத்திரக் கணக்கு. ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் வளர்பிறைச் சதுர்த்தசி மூன்றும் திதிக் கணக்கு. நமக்கு ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளின் ஆறு கால பூஜையே இந்த 6 அபிஷேகங்கள் என்பது ஐதிகம்.

ஆண்டுகள் கடந்து வருபவை

மாசி மகம் ஆண்டுதோறும் வரும். குருபகவான் சிம்ம ராசியில் இருக்கும்போது வரும் மாசி மகமே கும்பகோணத்தில் மகாமகம். அது சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். 2004-லும் 2016-லும் கொண்டாடப்பட்டது. ‘உன்னைப் பார்த்து மாமாங்கம் ஆச்சே’ என்று பாட்டி சொல்வதும் இந்தக் கணக்கைத்தான்.

காஞ்சிபுரம் அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்சி தருபவர். 1979-க்குப் பிறகு 2019-ல் எழுந்தருளி, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள் தரிசனம் தந்தார். தமிழ் வருடங்களின் பெயர்கள் 60. ஒருவர் பிறந்த வருடத்தின் பெயர் மீண்டும் வரும்போது, பிறந்த மாதம், நட்சத்திரம் பார்த்துச் செய்வது சஷ்டியப்த பூர்த்தி.

தேதியா, திதியா?

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. அப்பா மறைந்த நாளை ஆங்கிலத் தேதியாகவே பல வீடுகளில் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தத் தேதியில் படத்துக்கு மாலை போட்டு வணங்குவதில் தவறில்லை. ஆனால் சிராத்தம் செய்வது அந்தத் தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் கொண்டு. ஆண்டுக்கு ஆண்டு அது வேறு வேறு தேதிகளில் வரும். ஒரே மாதத்தில் அந்தத் திதி இருமுறை வந்தால், எதைக் கொள்வது என்று குடும்பப் புரோகிதரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை அர்ச்சனையின்போது குருக்கள் சொல்லும் சங்கல்பத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். வருடம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று நாம் பார்த்த சொற்கள் ஒவ்வொன்றாக வரும். பெரிய காலத்தில் தொடங்கி, நாம் சந்நிதியில் நிற்கும் அந்த நாளில் வந்து முடியும்.

புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டுப் பெரியவர்களின் திதி, குழந்தைகளின் நட்சத்திரம், நீங்கள் இருக்கும் விரதங்கள் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வையுங்கள். வேண்டுதலின்போது ‘11’ என்று மட்டும் சொல்லாமல், வாரமா, பிரதோஷமா, கிருத்திகையா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சங்கல்பம் தெளிவாக இருந்தால், கணக்கில் குழப்பமில்லாமல் நிறைந்த மனதோடு விரதத்தைப் பூர்த்தி செய்யலாம்.