நகத்தின் கீழே ஒரு கடுகு



விரல் நுனியில் வலி என்றால், கச்சிராயபாளையம் பக்கத்து ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலில் செருகிக்கொள்வார்கள். நகச்சுற்றானால் விரல் சிவந்து வீங்கும். சீழ் வெளியேறியதும் வலி அடங்கும். ஆனால் வீக்கமும் சீழும் இல்லாமல், வலி மட்டும் வருடக்கணக்கில் நீடித்தால் என்ன காரணம்?

அது குளோமஸ் கட்டியாக இருக்கலாம். குளிருக்கும் வெப்பத்திற்கும் ஏற்ப இரத்த ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் நம் விரல் நுனிகளில் நுண்ணிய அமைப்புகள் உள்ளன. அவற்றின் பெயர் குளோமஸ். அவற்றிலிருந்து அபூர்வமாக வளரும் கட்டி இது. அநேகமாக எப்போதும் புற்றுநோய் அல்லாதது. அளவோ சில மில்லிமீட்டர்தான். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது அல்லவா?

1812-ல் வில்லியம் வுட் என்ற மருத்துவர் தோலுக்கடியில் வரும் இத்தகைய வலிமிகுந்த சிறு கட்டிகளை விவரித்தார். அவை குளோமஸிலிருந்து தோன்றுகின்றன என்று 1924-ல் பியர் மாசோன் விளக்கினார்.

நகத்தடியில் வரும் இக்கட்டி நடுத்தர வயதுப் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. மார்கழியில் குளிர்ந்த நீரில் பாத்திரம் துலக்கினால் உயிர் போகும் வலி. கதவில் விரல் லேசாகப் பட்டாலும் துடித்துப் போவார்கள். வெளியே ஒன்றும் தெரியாததால், "நரம்புத் தளர்ச்சி", "மனப்பிரமை" என்ற பெயர்களைச் சுமந்தபடி பல வருடங்கள் அலைகிறார்கள்.

இதைச் சந்தேகித்துவிட்டால், கண்டறிய மருத்துவருக்கு மூன்று எளிய சோதனைகள் உண்டு.

1. குண்டூசியின் தலைப் பக்கத்தால் நகத்தின் மேல் இடம் இடமாக அழுத்துவார். ஒரே ஒரு புள்ளியில் கடும் வலி எழும். சற்றுத் தள்ளி அழுத்தினால் வலி இராது.

2. விரலைக் குளிர்ந்த நீரிலோ பனிக்கட்டியிலோ வைத்தால் வலி கூடும்.

3. கையை உயர்த்தி, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேற்கையில் இறுக்கினால், அழுத்தினாலும் வலி தெரியாது. பட்டையைத் தளர்த்தியதும் திரும்பி வரும்.

சிலருக்கு நகத்தடியில் நீலநிறப் புள்ளி தெரியும். எக்ஸ்ரேயில் எலும்பில் சிறு குழிவு காணப்படலாம். ஆனால் எக்ஸ்ரே சரியாக இருப்பதால் மட்டும் கட்டி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. உதவும்.

மாத்திரையால் இது கரையாது. விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நகத்தை உயர்த்தி, கட்டியை முழுவதுமாக எடுத்துவிடுவதே சிகிச்சை. மிச்சம் வைத்தால் வலி மீண்டும் வரலாம். எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது அவசியம். நகம் முழுமையாக வளர ஏறக்குறைய ஆறு மாதமாகும்.

எனவே, வீட்டில் யாரேனும் விரல் வலி என்று சொல்லும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒரே இடத்தில்தான் வலிக்கிறதா? தொட்டால் துடிக்கிறதா? குளிர்ந்த நீர் பட்டால் கூடுகிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால், அவர் சொல்வதை நம்பி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.