நிவாரண வரிசையில் கேட்கும் கேள்வி



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியாபெத்தையில் மண் சரிந்ததை நாம் மறக்க மாட்டோம். லயத்தோடு வீட்டுப் பத்திரங்களும் புதைந்து போயின. யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கும் இதே நிலைதான். அதில் நம்ம சனமும் இருந்தார்கள்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து மலைநாட்டை விட்டுப் போன பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறினார்கள். யுத்தம் அங்கேயும் துரத்தியது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது ஏறக்குறைய 3 லட்சம் பேர் இடம்பெயர்ந்திருந்தார்கள். அனேகம் பேர் இருந்தது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில். அது 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது.

உதவி எப்படிக் கிடைத்தது?

உலக உணவுத் திட்டம் அரிசி, மா, பருப்பு, எண்ணெய் கொடுத்தது. அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் கூடாரமும் சட்டிபானையும் கொடுத்தது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றியது. பிரிந்த உறவுகளைத் தேடியது.

இதெல்லாம் பிச்சை அல்ல, உரிமை. இடம்பெயர்ந்தோருக்காக 1998இல் ஐ.நா. வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள் உணவு, தண்ணீர், உறைவிடம், உடை, வைத்தியம் ஆகியவற்றைச் சொல்கின்றன. இழந்த பத்திரங்களைத் திரும்பப் பெறும் உரிமையையும், பெண்கள் தங்கள் பெயரிலேயே பத்திரம் பெறும் உரிமையையும் சொல்கின்றன.

ஏன் பத்திரம்? நிவாரணத்துக்குப் பதியும்போது முதலில் கேட்பது "நீங்கள் யார், குடும்பத்தில் எத்தனை பேர்?" என்பதுதான். ஊர் திரும்பிய பிறகும் காணிக்கும் வீட்டுக்கும் அதே கேள்விதான். தோட்டத்திலிருந்து போன பலரிடம் ஆரம்பத்திலேயே பத்திரம் இருக்கவில்லை.

வன்னியிலிருந்து திரும்பி உறவுக்காரர் லயத்தில் தங்கிய ஒரு தாய் எங்களிடம் வந்தார். மகன் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லை, ஆளடையாள அட்டையும் இல்லை. "சோறு போட்டாங்க ஐயா, ஆனா இவன் யாருன்னு எழுதித்தர ஆளில்லையே" என்றார். பல மாதம் அலைந்துதான் பத்திரம் எடுத்தோம்.

இன்றைக்கே செய்யுங்கள்:

1. பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பதியுங்கள். தவறியிருந்தால் பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவு செய்யலாம்.

2. 15 வயதானதும் ஆளடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தொலைந்திருந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள்.

3. எல்லாப் பத்திரத்தையும் பிளாஸ்டிக் உறையில் ஒரே இடத்தில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். பிரதி ஒன்றை வெளியூர் உறவினரிடம் கொடுங்கள்.

விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். வேலை முடிந்து வாங்க, சேர்ந்து எழுதுவோம்.