மூன்றாவது வளைவு: பந்தயக் கேம் உருவாக்கும் இளைஞருக்கு ஒரு திறந்த மடல்

மலைப்பாதைக் கார்ப் பந்தயம் ஒன்றின் முன்னோட்டப் பதிப்பைத் தனியொருவராக உருவாக்கி வெளியிட்டுள்ள இளம் வடிவமைப்பாளரை முன்னிட்டு எழுதப்படும் இம்மடல், கார் எவ்வாறு திரும்ப வேண்டும், மோதலை எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பன போன்ற பாலபாடங்களைத் தொடப்போவதில்லை. அவற்றை அவர் நன்கு அறிந்தவர் என்பதற்கு அப்பதிப்பே சான்று. மடலின் கவலையெல்லாம் அப்பதிப்பின் மூன்றாவது வளைவைப் பற்றியது.

இருபுறமும் மரங்கள் அடர்ந்த இறக்கத்தில் முழு வேகத்தில் வரும் கார், இடப்பக்கம் மடங்கும் அவ்வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தாக வேண்டும். எந்த இடத்தில் பிடிப்பது என்பதை ஆட்டக்காரரின் கண்ணுக்குச் சொல்ல வேண்டியவை சாலையோர வெள்ளைக்கோடும் தடுப்புக்கட்டையும்தாம். ஆனால் இலை இலையாக வரையப்பட்ட மரநிழல் சரியாக அந்த இடத்தில் சாலையின் குறுக்கே விழுந்து வெள்ளைக்கோட்டைத் துண்டு துண்டாக்குகிறது. போதாக்குறைக்கு, கேமராக் கண்ணாடியில் வழிவதாகக் காட்டப்படும் மழைத்துளிகள் எஞ்சியதையும் மறைத்துவிடுகின்றன. காரைப் பின்னாலிருந்து பார்க்கும் கோணத்தில், வெட்டவெளியில் அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்பதற்கு இத்துறையில் எவரும் இதுவரை உருப்படியான விடை சொன்னதில்லை.

இவற்றையாவது ரசனை வேறுபாடு என்று விட்டுவிடலாம். விட முடியாதது, அதே இடத்தில் ஃபிரேம் எண்ணிக்கை சரிவது. ஃபிரேம் என்பது திரையில் ஒரு கணம் தோன்றும் முழுப்படம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமாயின் ஒவ்வொன்றையும் வரைந்து முடிக்கக் கருவிக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி, 30 போதுமென்றால் 33.3 மில்லிநொடி. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், முதல் கணக்கில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்கிறது. இரண்டாம் கணக்கில் ஏறத்தாழ 1.85 மீட்டர் தாவுகிறது. முதலிரு வளைவுகளில் 60 இல் ஓடிய கேம் மூன்றாவதில் 40 க்கு இறங்கும்போது, ஆட்டக்காரர் விரலுக்குப் பழக்கிவைத்த காலக்கணக்கு மிகவும் வேண்டிய நேரத்தில் பொய்த்துப்போகிறது. தொடக்கம் முதலே 30 இல் ஓடியிருந்தால்கூட விரல் அதற்குப் பழகியிருக்கும். இலைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனவர், அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்று பார்க்கத் தவறிவிட்டார்.

இச்சிக்கல் புதிதன்று. சேகா நிறுவனத்தின் டேடோனா யுஎஸ்ஏ, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் 60 ஃபிரேமில் வழுக்கிக்கொண்டு ஓடியது. 1995 இல் அது சாட்டர்ன் என்னும் வீட்டுக் கருவிக்கு வந்தபோது, ஃபிரேம் எண்ணிக்கை 20 அளவுக்கு இறங்கியதோடு, பாறைகளும் சாலைத் துண்டுகளும் கார் நெருங்கிய பிறகே திடீர் திடீரென முளைத்தன. அடுத்த வளைவு எப்பக்கம் என்பதைத் தொலைவுதான் சொல்ல வேண்டும் என்பதால், அங்கே கண்ணைவிட மனப்பாடத்தை நம்புவதே மேல் என்றாயிற்று. இதற்கு நேர்மாறாக, நின்டெண்டோ 64 கருவிக்கு 1998 இல் வந்த எஃப்-ஜீரோ எக்ஸ், ஒரே தடத்தில் 30 ஊர்திகளை 60 ஃபிரேமில் ஓடவிட்டது. அதற்காக ஊர்திகளின் பலகோணங்கள், அதாவது முப்பரிமாண உருவத்தைக் கட்டும் தட்டையான சிறு முகங்கள், கறாராகக் குறைக்கப்பட்டன. பின்னணியும் பெரும்பாலும் வெறுமையாக விடப்பட்டது. காட்சி வறண்டிருக்கிறது என்று அன்று குறைகூறியவர்கள் உண்டு. கூறட்டும். அதே 1998 இல் நாம்கோ நிறுவனம் ரிட்ஜ் ரேசர் டைப் 4 உடன் தந்த இணைப்பு வட்டில், முதல் ரிட்ஜ் ரேசரை அதே பிளேஸ்டேஷனில் 30 லிருந்து 60 ஃபிரேமுக்கு உயர்த்திக் காட்டியது. எதிர்க் கார்களின் கூட்டத்தை வெகுவாகக் குறைத்தே அது கைகூடியது. எதைக் கொடுத்து எதை வாங்குவது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய பாடம் வேறொன்று கிடைப்பது அரிது.

வீட்டுக் கருவிகள் எட்டாத ஊர்களில் இதே பாடம் வேறு விதமாகக் கற்கப்பட்டது. 1990களின் இறுதியிலும் அதை அடுத்த ஆண்டுகளிலும், தமிழ்நாட்டுப் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி ரோட் ராஷும் நீட் ஃபார் ஸ்பீடும் ஆடிய பையன்கள், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி கைக்கு வந்தால், ஆட்டத்தைத் தொடங்கும் முன் அமைப்புப் பக்கத்துக்குப் போய்க் காட்சி விவரங்களை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். கார் மொழுக்கென்று ஆனது, மலை மங்கிப்போனது. ஆனால் கீபோர்டின் அம்புக்குறியை அழுத்தியதும் கார் திரும்பியது. காசு கட்டியது ஓட்டுவதற்கு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. அத்தலைமுறையின் பிடிவாதம் இம்மடலிலும் தென்பட்டால், அதை இளைஞர் பொறுத்துக்கொள்வாராக.

இத்தனை கடிந்த பிறகும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. பிரேக் பிடித்ததும் காரின் மூக்கு தாழ்ந்து, எடை முன்சக்கரங்களுக்கு ஏறி, பின்சக்கரங்கள் பிடி இழப்பதற்குச் சற்று முன்பே டயரின் ஒலி தடித்து எச்சரிக்கும் அந்த நடை அபாரமானது; நூற்றுக்கணக்கானோர் கூடி உழைக்கும் நிறுவனங்களுக்கும் அது எளிதில் வாய்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதால் ஓட்டலாம் போலிருக்கிறது. மூன்றாவது வளைவிலோ அப்படித்தான் ஓட்ட வேண்டியும் இருக்கிறது.

செய்ய வேண்டியவை சிலவே. நிழலைச் சாலையிலிருந்து தடுப்புக்கட்டைக்கு அப்பால் தள்ளலாம். தொலைவிலுள்ள மரங்களை எளிய உருவங்களாக மாற்றலாம். மிச்சமாகும் நேரத்தில் 150, 100, 50 மீட்டர் என்று தொலைவைச் சொல்லும் பலகைகளை நட்டு, அவை தூரத்திலிருந்தே துல்லியமாகத் தெரியுமாறு செய்யலாம். வைப்அவுட் எச்டி 2008 இல் கையாண்ட முறையும் கைகொடுக்கும்: சுமை கூடும் கணங்களில் அது ரெசல்யூஷனை, அதாவது படத்தைக் கட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை, கிடைமட்டமாக மட்டும் சற்றே குறைத்து 60 ஃபிரேமைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால் ‘தரம்’, ‘வேகம்’ என்று இரண்டு பொத்தான்களை வைத்து, முடிவை ஆட்டக்காரரின் தலையில் கட்டும் இக்கால வழக்கத்தை மட்டும் இவ்விளைஞர் பின்பற்றாதிருத்தல் நலம். ஒரு வளைவை எந்த வேகத்துக்கு வரைவது என்பது வரைபவரின் பொறுப்பு.

மழையை விட அவருக்கு மனம் வராது என்பது தெரிந்ததே. மழைக்காகப் பெயர்பெற்ற டிரைவ்கிளப், 2014 இல் பிளேஸ்டேஷன் 4 இல் நொடிக்கு 30 ஃபிரேம் என்ற அளவை ஏற்றுக்கொண்டு அதற்குள்ளேயே தன் காட்சிகளை அமைத்தது. அவ்வழி இவருக்கும் திறந்தே இருக்கிறது. அதைத் தேர்ந்தால், மூன்றாவது வளைவுக்கு மட்டுமன்றி முழுப் பாதைக்கும் 30 என்று நிலைநிறுத்தி, ஒவ்வொரு வளைவின் பிரேக் தொலைவையும் மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும்.