ரேட் பேசியாச்சு, ஷரத்துகளைப் பேசினீர்களா?

வணிக வளாகமோ அலுவலகக் கட்டடமோ, சதுர அடிக்கு இருபது ரூபாய்க்காக நாள் முழுக்க மல்லுக்கு நிற்கிறோம். பிறகு அறுபது பக்க ஒப்பந்தம் வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு சைட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். ஒப்பந்ததாரர் கம்பெனியில் சேர்ந்திருக்கும் இளம் பொறியாளர்கள் இந்தப் பழக்கத்தைத் தொடர வேண்டாம். அந்த இருபது ரூபாயைவிடப் பெரிய பணம் ஷரத்துகளில் இருக்கிறது.

முதலில் காலக்கெடுவைப் பாருங்கள். ‘ஒப்பந்தத் தேதியிலிருந்து 14 மாதங்களுக்குள்’ என்று வரைவு வந்தால், ‘இடம் ஒப்படைப்பு, அடித்தள வரைபடம், முன்பணம் இந்த மூன்றில் எது கடைசியாகக் கிடைக்கிறதோ அந்தத் தேதியிலிருந்து’ என்று மாற்றிக் கேளுங்கள். ஆகஸ்டில் வரவேண்டிய வரைபடம் அக்டோபர் நடுவில் வந்தால், சென்னையில் தோண்டிய குழிக்குள் பருவமழைத் தண்ணீர்தான் நிற்கும். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வாடகையும், வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களின் கூலியும், தாமத அபராதமும் சேர்ந்து உங்கள் தலையில் விழும்.

தாமதம் உரிமையாளர் பக்கம் என்றால் உடனே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 55-ஆவது பிரிவில் கறாராக இருக்கிறது. கெடு முக்கியம் என்றுள்ள ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு தாமதமாகச் செய்ததை ஏற்றுக்கொள்ளும்போதே, நஷ்டஈடு கேட்கப்போவதாக அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் பிறகு கேட்க வழியில்லை. வேலைத் தடைகளைப் பதியும் ஹிண்டரன்ஸ் ரிஜிஸ்டரில் இரு தரப்பும் வாராவாரம் கையெழுத்திட வேண்டும் என்ற வரியையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

தாமத அபராதத்துக்கு உச்சவரம்பு கட்டாயம் வேண்டும்; மொத்த மதிப்பில் 5 முதல் 10 சதவீதம் என்பது வழக்கம். எழுதியிருக்கும் தொகை வெறும் மேல்வரம்பு, அதற்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது 74-ஆவது பிரிவு. 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. ஆனால் ரன்னிங் பில்லில் பிடித்த பணத்தை வழக்காடி மீட்க வருடக்கணக்கில் ஆகும். பேச்சுவார்த்தை மேசையில் உச்சவரம்பு வாங்குவது அரை மணி நேர வேலை.

எக்ஸ்ட்ரா ஐட்டத்தில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். “இந்தச் சுவரை ரெண்டடி தள்ளிக் கட்டிடுங்க, பில்லுல பாத்துக்கலாம்” என்பார் ஆர்க்கிடெக்ட். பில் போகும்போது அவர் வேறு ப்ராஜெக்டில் இருப்பார். வாய்மொழி உத்தரவை நாம் ஏழு நாளுக்குள் மெயிலில் உறுதிப்படுத்துவோம், அடுத்த ஏழு நாளில் மறுப்பு வராவிட்டால் அது எழுத்து உத்தரவாகவே கொள்ளப்படும் என்று ஷரத்து எழுதுங்கள். பி.ஓ.க்யூ.வில் இல்லாத வேலைக்குப் பொருள், கூலி, அதற்கு மேல் எத்தனை சதவீதம் என்ற கணக்கும் அதிலேயே இருக்கட்டும்.

தகராறு வந்தால் நடுவரை உரிமையாளரே தன்னிச்சையாக நியமிப்பார் என்ற வரி இன்னமும் பல வரைவுகளில் தென்படுகிறது. 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்பிலேயே அது அடிபட்டுப் போனது. தயங்காமல் நீக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் எதுவும் கிடைக்காது. ரிடென்ஷன் தொகையைப் பிடிக்கட்டும், பாதியில் பேங்க் கியாரண்டி கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே விட்டுக்கொடுத்துக் காலக்கெடுவில் இறுக்கிப் பிடியுங்கள். ஒத்துக்கொண்டதை அன்று மாலையே மினிட்ஸாக அனுப்பி, ஒப்பந்தத்தின் இணைப்பாக்கச் சொல்லுங்கள். ஆவணங்கள் முரண்பட்டால் அந்த இணைப்பே செல்லும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.